உத்தியோகத்துக்குப் போன கதாநாயகர்கள்

என் முதல் நாவல் வெளிவந்து சில மாதங்கள் கழிந்திருக்கும். திருச்சியிலிருந்து ஒரு வாசகர் ஒரு கார்டு எழுதியிருந்தார். பாராட்டு ஒரு வரி. பிறகு ஒரு கேள்வி. கதாநாயகனுக்குச் சென்னையில் உத்தியோகம் கிடைத்து ரயிலேறுவதோடு ஆறாம் அத்தியாயம் முடிகிறது. ஏழாம் அத்தியாயம் 'ஆறு மாதம் சென்றது' என்று ஆரம்பிக்கிறது. அந்த ஆறு மாதமும் அவன் என்ன வேலை பார்த்தான் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று கேட்டிருந்தார். கிண்டலாக எழுதியதாகத் தோன்றவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியிருக்கிறார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கே தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவன் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படுவான். மாலையில் களைப்போடு திரும்புவான். கடற்கரைக்குப் போவான், அங்கே கதாநாயகி வருவாள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த எட்டு மணி நேரத்தை நான் விழுங்கிவிட்டிருந்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தானா, பெஞ்சியில் உட்கார்ந்தானா? அவனுக்கு யார் வேலை சொல்லிக்கொடுத்தார்கள்? முதல் மாதச் சம்பளத்தில் அறை வாடகை போக என்ன மிஞ்சியது? ஒன்றுக்கும் விடை இல்லை. 'ஆபீஸ்' என்ற ஒரு வார்த்தையை எழுதிவிட்டு, அது ஒரு இடம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தக் கார்டுக்குப் பிறகு நான் படிக்கும் கதைகளிலெல்லாம் இதைத் தேடும் பழக்கம் வந்துவிட்டது. கெட்ட பழக்கம்தான், கதையை ரஸிக்க விடாது. ஆனாலும் ஒன்று புரிந்தது. தமிழில் வேலை தேடும் கதைகள் ஏராளம். மனுப் போடுகிறான், சிபாரிசுக்கு அலைகிறான், நேர்முகப் பரீட்சைக்கு நண்பனின் செருப்பைக் கடன் வாங்கிக்கொண்டு போகிறான், அம்மா தாலிச் சரட்டில் கோர்த்திருந்த குண்டுமணித் தங்கத்தைக் கழற்றிக் கொடுக்கிறாள். வேலை பார்த்து வெறுத்துப்போனவர்களின் கதைகளும் ஏராளம். மேலதிகாரியின் அக்கிரமம், மாற்றல் உத்தரவு, லஞ்சம், கடைசியில் மாலையும் குடையும் கொடுத்து அனுப்பும் உபசாரம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த முதல் ஆறு மாதத்தை, ஒருவன் வேலைக்கும் புது இடத்துக்கும் பழகும் காலத்தை, நாங்கள் எல்லோருமே ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். வேலை கிடைப்பது ஒரு நாள் சமாசாரம். பந்தி போட்டுச் சொல்லலாம். அதில் அமர்வது பல நாள் சமாசாரம். கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றும் நடக்காது. அதனால்தான் கஷ்டம்.

பாங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் நல்ல வாசகர். "நாள் பூராவும் லெட்ஜரோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். கதையைத் திறந்தால் அங்கேயும் லெட்ஜரா? நீங்கள் அந்த ஆறு மாதத்தைத் தாண்டியது என் மாதிரி ஆசாமிகளுக்குச் செய்த உபகாரம், ஐயா" என்றார். பலமான ஆட்சேபம்தான். இதற்கு நான் வாதம் செய்து பதில் சொல்ல முடியாது. ஒரு புத்தகத்தைத்தான் காட்ட முடியும்.

ஜப்பானிய எழுத்தாளர் நாட்சுமே சோசெகி 1906-ல் எழுதிய 'போட்சான்' என்ற சிறு நாவல் அது. நான் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். டோக்கியோவில் வளர்ந்த பையன் ஒருவன், பௌதிகப் பள்ளியில் மூன்று வருஷம் படித்துத் தேறுகிறான். தேறிய எட்டாம் நாள் தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்புகிறார். ஷிகோகு தீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியார் வேண்டுமாம். மாதம் நாற்பது யென் சம்பளம். வாத்தியாராக வேண்டும் என்றோ, அந்தப் பக்கம் போக வேண்டும் என்றோ அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. சரி என்று சொல்லிவிடுகிறான். நம்மில் எத்தனை பேர் இப்படிச் 'சரி' சொல்லித்தான் ஆயுள் முழுக்கப் பார்க்கப்போகும் வேலையில் சேர்ந்தோம்!

ஊரில் இறங்கியதும் விடுதியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு இருட்டறையைக் கொடுக்கிறார்கள். புழுக்கம் தாங்கவில்லை. தன்னை இளப்பமாக நினைத்துவிட்டார்கள் என்ற ரோஷத்தில் ஐந்து யென் இனாம் கொடுக்கிறான். பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், பதினைந்து பாய் போட்ட பெரிய அறை அவனுக்காகத் தயாராக இருக்கிறது. அந்த ஊர் எப்படிப்பட்டது, அவன் எப்படிப்பட்டவன், இந்த இரண்டும் ஒத்துப்போகுமா போகாதா என்பதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் வந்துவிடுகிறது. வர்ணனை என்று ஒன்றும் இல்லை.

பிறகு நூடுல்ஸ் விவகாரம். ஒரு நாள் தெருவில் நடக்கும்போது, டோக்கியோவில் விரும்பிச் சாப்பிடும் தெம்புரா நூடுல்ஸ் விற்கும் கடை கண்ணில் படுகிறது. உள்ளே போய் நாலு கிண்ணம் சாப்பிடுகிறான். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகையில் பெரிய எழுத்தில் 'தெம்புரா வாத்தியார்' என்று எழுதியிருக்கிறது. இன்னொரு நாள் வெந்நீர் ஊற்றுக்குப் போய்த் திரும்பும் வழியில் இரண்டு தட்டு மாவுருண்டை வாங்கித் தின்கிறான். மறுநாள் கரும்பலகையில் கணக்கு: இரண்டு தட்டு, ஏழு சென். வெந்நீர்த் தொட்டியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நீந்துகிறான். அடுத்த முறை போனால் 'நீந்தக் கூடாது' என்று பலகை தொங்குகிறது. அவன் எடுத்துக்கொண்டு போகும் துண்டுக்குக்கூட ஊரில் ஒரு பெயர் வந்துவிடுகிறது.

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஆனால் சோசெகி வெறும் சிரிப்புக்காக எழுதவில்லை. புது ஊருக்குப் போகிறவன் தான் ஊரைப் பார்க்க வந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறான். ஊர் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவன் முதல் நாளே சக ஆசிரியர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துவிடுகிறான். வருஷம் முழுவதும் சிவப்புக் கம்பளிச் சட்டை போடுகிறவர் 'சிவப்புச் சட்டை'. முரட்டுத் தலைமயிர்க்காரர் 'முள்ளம்பன்றி'. அதே சமயத்தில் பிள்ளைகள் அவனுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் வைத்துவிட்டால் ஆளைத் தெரிந்துகொண்டதாக இரு தரப்புக்கும் நினைப்பு. மெதுவாகப் பேசும் சிவப்புச் சட்டைதான் உள்ளூரக் கயவன், சண்டைக்கு வரும் முள்ளம்பன்றிதான் சிநேகிதத்துக்கு ஏற்றவன் என்று தெரிய அவனுக்குப் புத்தகத்தின் பெரும்பகுதி தேவைப்படுகிறது. முதல் வேலையில் நாம் கற்றுக்கொள்வது கணக்கும் அல்ல, கடிதம் எழுதுவதும் அல்ல. யார் யார் என்பதைத்தான். அதற்கு ஆகும் காலம்தான் அந்த ஆறு மாதம். போட்சானுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சிவப்புச் சட்டையை உதைத்துவிட்டு ஊரை விட்டே கிளம்பிவிடுகிறான்.

சோசெகியே 1895-ல் மத்ஸுயாமா என்ற ஊரில் ஒரு வருஷம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்த ஊரை இந்த நாவல் கிழிகிழி என்று கிழிக்கிறது. ஊர்க்காரர்களோ அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். போட்சான் தின்ற மாவுருண்டையை அவன் பெயராலேயே விற்கிறார்கள். 2001-ல் அவன் பெயரில் பழைய பாணி டிராம் வண்டி ஒன்றையும் ஓடவிட்டார்கள். கணக்கு வாத்தியாரின் அற்ப சொற்ப அலுவல்களைப் படிக்க யார் வருவார்கள் என்று கேட்ட என் பாங்கி நண்பருக்கு இதைச் சொன்னேன். "ஜப்பான்காரன் எதையும் விற்பான்" என்றார்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு சோசெகியோடு முழுச் சம்மதம் இல்லை. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம்.

நான் சென்னைக்கு வந்த புதிதில் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் மூன்று பேருக்கு ஒரு அறை. சாப்பாட்டுக்கு அடுத்த சந்தில் ஒரு மெஸ். முதல் மாதம் முழுவதும் அங்கே என்னை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பரிமாறுகிற பெரியவர் இலைகளைத்தான் பார்ப்பார். முகங்களைப் பார்க்க மாட்டார். இரண்டாம் மாதம் ஒரு ராத்திரி, சாம்பார் சாதம் முடிந்ததும் ரசத்தைத் தாண்டிக்கொண்டு வந்து நேரே மோரை ஊற்றினார். "உங்களுக்குத்தான் ரசம் பிடிக்காதே, சார்" என்றார். நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவராகக் கவனித்திருக்கிறார். அன்றைக்கு எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது. இந்தப் பட்டணத்தில் ஒருவருக்கு என்னைத் தெரியும் என்று தோன்றிய முதல் நாள் அது. நாலு கிண்ணம் சாப்பிட்டதை ஊர் கவனித்தது போட்சானுக்குச் சித்திரவதை. ரசம் வேண்டாம் என்பதை ஒருவர் கவனித்தது எனக்கு ஆதரவு. இரண்டும் ஒரே காரியம்தான். எது எப்போது எதுவாக மாறுகிறது என்பதில்தான் கதை இருக்கிறது. சோசெகி ஒரு பாதியை எழுதினார். மறு பாதி என் கையில் இருந்தது. 'ஆறு மாதம் சென்றது' என்று எழுதி அதைத் தொலைத்தேன்.

ஆர். கே. நாராயணின் 'தி இங்கிலீஷ் டீச்சர்' (1945) வேறு விதம். கிருஷ்ணன் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறவன். படித்த கல்லூரியிலேயே வேலை. மாணவனாக இருந்த ஹாஸ்டலிலேயே வாசம். சம்பளம் நூறு ரூபாய். உத்தியோகம் வந்தும் வாழ்க்கை நகரவில்லை. பிரின்ஸிபால் பிரவுன் ஒரு ஆங்கில வார்த்தையில் ஓர் எழுத்து விட்டுப்போனதற்காக ஆசிரியர்களைக் கூட்டிவைத்து அங்கலாய்க்கிறார். கிருஷ்ணனுக்கு எரிச்சல், ஆனால் மறுநாளும் போய்ப் பாடம் சொல்கிறான். இந்தத் தேக்கத்தை நாராயண் பிரமாதமாகச் செய்திருக்கிறார். மனைவியும் குழந்தையும் வரப்போகிறார்கள் என்று கடிதம் வந்து, வீடு தேடி அலைய ஆரம்பித்த பிறகுதான் அவனுக்கு ஊரில் தெருக்கள் இருப்பதே தெரிகிறது. ஒரு மனிதன் உத்தியோகத்தில் சேர்ந்த நாள் ஒன்று, வந்து சேர்ந்த நாள் வேறொன்று. இதை இவ்வளவு எளிதாகச் சொன்ன புத்தகம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அதில் ஒரு கடிகாரம் வருகிறது. நேரம் சரியாகக் காட்டாது. வேண்டாத வேளையில் அலறும். மேஜைமேல் வைத்துக் கிருஷ்ணன் சீராட்டுகிறான். ஒரு நாள் சுசீலா பழைய பேப்பர்க்காரனிடம் அதைத் தள்ளிவிடுகிறாள். பெரிய சண்டை. அந்தச் சண்டையில்தான் அந்த வீடு வீடாகிறது என்பது என் அபிப்பிராயம். கதை பிறகு எங்கெங்கோ போகிறது. புது வீடு பார்க்கப் போன இடத்தில் தொற்றிய நோயில் சுசீலா இறந்துபோகிறாள். நாராயணின் மனைவி ராஜமும் 1939-ல் டைபாய்டில் இறந்தவர். பிற்பாதியில் வரும் ஆவியுலகப் பேச்சு எனக்கு ஒட்டவில்லை. ஒட்டாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றுகிறது. அந்த மனிதர் அனுபவித்திருக்கிறார்.

இதில் வேடிக்கை ஒன்று. போட்சான் நாற்பது யென் வேலையை விட்டுவிட்டு டோக்கியோவுக்குத் திரும்பி, டிராம் கம்பெனியில் இருபத்தைந்து யென்னுக்குச் சேருகிறான். கிருஷ்ணன் நூறு ரூபாயை விட்டுவிட்டுக் குழந்தைகள் பள்ளியில் இருபத்தைந்து ரூபாய்க்குச் சேருகிறான். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் முதல் உத்தியோகம் என்பது சம்பளம் குறைந்தாலும் விட்டுவிட வேண்டிய ஒன்று என்று இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. விட முடியாதவர்களின் கதையை யார் எழுதுவது?

தமிழுக்கு வருகிறேன். வாசகர்கள் 'பொன் விலங்கு' இருக்கிறதே என்பார்கள். நா. பார்த்தசாரதியின் அந்த நாவல் சத்தியமூர்த்தி என்ற இளைஞன் மல்லிகைப் பந்தல் என்ற மலைநகரத்தில் விரிவுரையாளர் வேலைக்குப் போவதைத்தான் சொல்கிறது. வாரா வாரம் காத்திருந்து படித்தவர்கள் இன்றைக்கும் அந்த ஊரின் பனியையும் பூக்களையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது சாமானியமான வெற்றி அல்ல. ஆனால் சத்தியமூர்த்தி அந்தக் கல்லூரிக்குள் நுழையும்போதே முழு மனிதனாக நுழைகிறான். என்ன பேச வேண்டும், எதற்குத் தலை குனியக் கூடாது, எல்லாம் அவனுக்கு முன்கூட்டியே தெரியும். முதல் வகுப்பில் வாய் உலர்ந்து, கையில் சாக்குக்கட்டி உடைந்து, மணி எப்போது அடிக்கும் என்று ஏங்குகிற பையன் அவனிடம் இல்லை. உத்தியோகம் அவனைச் சோதிக்கிறது. ஆனால் ஒன்றும் கற்றுக்கொடுப்பதில்லை. லட்சியவாதிகளுக்கு முதல் ஆறு மாதம் கிடையாது போலும்.

புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' முதல் உத்தியோகத்தைப் பற்றிய கதை அல்ல. இருந்தாலும் சென்னையில் ஒரு சந்தில் குடியிருப்பது என்றால் என்ன என்பதற்கு அதைவிடச் சுருக்கமான சாட்சி கிடையாது. எழுத்தாளர் முருகதாசர், மனைவி கமலா, ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும் குழந்தை அலமு. யாரிடம் எத்தனை கடன், எப்போது கொடுப்பது என்ற கணக்கிலேயே பொழுது போகிறது. அக்கம்பக்கத்தில் ஒருவன் வேரூன்றிவிட்டான் என்பதற்குக் கடன்தான் அடையாளம். புது ஆளுக்கு யாரும் கடன் கொடுப்பதில்லை அல்லவா?

வேலையையே கதையாக்கிய புத்தகம் என்றால் அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' (1969). விடியுமுன் எழுந்து, வண்டி பிடித்து, ஆட்களைச் சேர்த்து, வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சினிமாக் கம்பெனி சிப்பந்தியின் பாடு அதில் இருக்கிறது. அசோகமித்திரன் 1952-ல் செகந்திராபாத்திலிருந்து சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் இருந்தவர். தெரிந்ததை மட்டும், குரலை உயர்த்தாமல் சொல்கிறார். ஆனால் அங்கே எல்லோரும் ஏற்கனவே பழகியவர்கள். புதிதாக வந்தவனின் திகைப்பு அதில் விஷயம் அல்ல.

அந்தத் திகைப்பு வேண்டுமென்றால் ப. சிங்காரத்திடம்தான் போக வேண்டும். மதுரைப் பக்கத்திலிருந்து 1938-ல் இந்தோனேஷியாவின் மெடானுக்கு வேலைக்குப் போன பையன் அவர். 1959-ல் வந்த 'கடலுக்கு அப்பால்', அதன் பிறகு வந்த 'புயலிலே ஒரு தோணி' இரண்டிலும் வட்டிக்கடை உத்தியோகம் உள்ளும் புறமும் தெரிந்த ஒருவரின் குரல் கேட்கிறது. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்ற படிகள். இந்தப் படிகளில் ஏறுவதற்குத் தொழில் மட்டும் போதாது. ஆளே ஒரு அச்சில் வார்க்கப்பட வேண்டும். 'கடலுக்கு அப்பால்' நாவலில் செல்லையா முதலாளிக்குப் பிடித்தமான பிள்ளை. யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்புகிறான். துப்பாக்கி பிடித்த கை வட்டித்தொழிலுக்கு ஆகாது என்று முதலாளி வானாயீனா தீர்மானித்துவிடுகிறார். மகள் மரகதத்தையும் வேறு இடத்தில் கொடுக்கிறார். அவர் கொடுமைக்காரர் அல்ல. அவருக்கு உத்தியோகம் என்றால் என்னவென்று தெரியும், அவ்வளவுதான்.

'புயலிலே ஒரு தோணி'யில் இன்னொன்று கவனித்தேன். பாண்டியன் கடல் கடந்து இருக்கும்போதுதான் மதுரைத் தெருக்களும் சின்னமங்கலத்துச் சந்தையும் கடை கடையாக, ஆள் ஆளாக அவன் மனசில் எழுந்து வருகின்றன. உள்ளூரிலேயே இருந்தவனுக்கு அந்தத் தெரு அப்படித் தெரிந்திருக்காது. புது இடத்துக்குப் போகிறவன் முதலில் காண்பது பழைய இடத்தைத்தான். நானும் திருவல்லிக்கேணி அறையில் படுத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கடைத்தெருவில் எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை என்று எண்ணிப் பார்த்த ராத்திரிகள் உண்டு. ஒரு தையல்கடைக்கும் ஒரு சைக்கிள் கடைக்கும் நடுவில் என்ன இருந்தது என்று மறந்துபோய்த் தூக்கம் கெட்டிருக்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது போய்ப் பார்த்தேன். ஒரு சுவர்தான் இருந்தது.

இத்தனை புத்தகங்களுக்கும் மேலாக ஒன்றை வைக்கிறேன். வங்காளத்து விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் 'ஆரண்யக்' (1939). தமிழில் த. நா. சேனாபதியின் மொழிபெயர்ப்பில் 'வனவாசி' என்ற பெயரில் வந்தது. சத்தியசரண் கல்கத்தாவில் பட்டம் பெற்று வேலையில்லாமல் மெஸ் பாக்கிக்குப் பயந்து நடமாடுகிற இளைஞன். பழைய சிநேகிதன் ஒருவனின் குடும்பத்துக்குப் பீகாரில் பெரிய காட்டு நிலம் இருக்கிறது. அங்கே மானேஜர் உத்தியோகம் கிடைக்கிறது. விபூதிபூஷணும் இருபதுகளில் பாகல்பூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இப்படி வேலை பார்த்தவர்தான்.

முதலில் அவனுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. பேச ஆள் இல்லை, புத்தகம் இல்லை, ஜனங்களின் பாஷைகூடச் சரியாகப் புரியவில்லை. வேலையை எறிந்துவிட்டு ஓட நினைக்கிறான். கச்சேரியில் இருக்கும் பழைய குமாஸ்தா சொல்கிறார்: அப்படித்தான் இருக்கும், பிறகு இந்தக் காடு உங்களைப் பிடித்துக்கொள்ளும் என்று. பிடித்துக்கொள்கிறது. எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் ஆசிரியரின் மேதை. ஒரு நாள் கச்சேரிச் சிப்பாய் முனேஷ்வர் சிங் வந்து நிற்கிறான். மானேஜர் மனசு வைத்தால் தனக்கு ஒரு இரும்புக் கடாய் கிடைக்கும் என்கிறான். அது இருந்தால் சமைக்கலாம், வைத்துச் சாப்பிடலாம், எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போகலாம், உடையாது. வெகுநாளாக அவனுக்கு அந்த ஆசை. ஒரு கடாய்! கல்கத்தா இளைஞனுக்கு அப்போதுதான் தான் எங்கே வந்திருக்கிறோம், தன் நாற்காலிக்கு என்ன அர்த்தம் என்று உறைக்கிறது. மெஸ் பாக்கிக்குப் பயந்தவன் இங்கே ஒருவனின் ஆயுட்கால ஆசையைச் சில அணாக்களில் நிறைவேற்றக்கூடியவனாக உட்கார்ந்திருக்கிறான்.

அந்தக் கடாய்க்குப் பிறகு அவன் கண் மாறிவிடுகிறது. நாட்டியம் ஆடிப் பிழைக்கும் சிறுவன் தாதுரியா, எங்கெங்கோ இருந்து பூச்செடிகளைக் கொண்டுவந்து யாருக்கும் சொந்தமில்லாத ஏரிக்கரையில் நட்டுவைக்கும் ஜுகல்பிரசாத், ராஜ்யம் இல்லாத காட்டு ராஜா, எல்லோரும் அவனுக்கு மனிதர்களாகத் தெரிகிறார்கள். ஜுகல்பிரசாதோடு சேர்ந்து மானேஜரும் செடி நடுகிறார். ஆனால் அவர் உத்தியோகம் என்ன? காட்டை வெட்டிக் குடியானவர்களுக்குக் குத்தகைக்கு விடுவது. அதற்காகத்தான் சம்பளம். எந்தக் காடு அவனை மனிதனாக்கியதோ அந்தக் காட்டைத் துண்டு துண்டாக எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறான். ஆறேழு வருஷத்தில் வேலை முடிந்துவிடுகிறது. காடும் முடிந்துவிடுகிறது. திரும்பும்போது வனதேவதைகளிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

இதை ஒரு நாடகமாக்கி, அவன் ராஜிநாமாக் கடிதத்தை முதலாளியின் முகத்தில் எறிந்தான் என்று எழுதியிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். விபூதிபூஷண் செய்யவில்லை. சத்தியசரண் நல்ல மானேஜராகவே கடைசி வரை இருக்கிறான். விட முடியாதவர்களின் கதையை யார் எழுதுவது என்று கொஞ்சம் முன்னால் கேட்டேன். இதோ எழுதியிருக்கிறார்.

பாங்கி நண்பரிடம் 'வனவாசி'யைக் கொடுத்தேன். பதினைந்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். முதல் வேலையில் சேர்ந்த கிராமத்துக் கிளையில், நகைக் கடனுக்குக் கம்மலைக் கழற்றிக் கொடுத்த ஒரு கிழவியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் பாங்கியைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. லெட்ஜரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இனி என் கதாநாயகனுக்கு வருகிறேன். அவன் என்ன வேலை பார்த்தான் என்பது எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது பாதிப் பொய். நான் என்ன வேலை பார்த்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதை அவனுக்குக் கொடுக்க வெட்கமாக இருந்தது.

மண்ணடிப் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். அனுப்புகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர், சிப்பம் எத்தனை, எடை எவ்வளவு, கூலி கட்டியாயிற்றா, அங்கே கட்டுவார்களா என்று ரசீது எழுதுவதுதான் உத்தியோகம். ஒரு எழுத்துக்கு நாலு காப்பி. நடுவில் மூன்று கார்பன். பெரிய குமாஸ்தா என் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "தம்பி, எழுதாதே, அழுத்து" என்றார். எனக்கு அழகான கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து. அழுத்த மனசு வரவில்லை. மூன்றாவது வாரம் நாலாவது காப்பியில் ஊர்ப்பெயர் விழவில்லை. ஒரு ஜவுளிச் சிப்பம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வேறு எங்கோ போய்ப் பத்து நாள் கிடந்தது. நஷ்டத்தில் ஒரு பங்கை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அழுத்தினேன். ஆறு மாதத்தில் என் கையெழுத்தே மாறிவிட்டது. ஊரிலிருந்து அம்மா, கடிதத்தை வேறு யாரையாவது கொண்டு எழுதுகிறாயா என்று கேட்டு எழுதினாள்.

இதில் ஒரு வரிகூட என் நாவலில் இல்லை. இலக்கியத்தில் சிப்பத்துக்கு இடம் கிடையாது என்று நினைத்திருந்தேன். கதாநாயகனைக் கடற்கரையில் நிலா வெளிச்சத்தில் உட்கார வைத்தேன். அவனுடைய விரலில் கார்பன் கறை இருந்திருக்கும். கதாநாயகி அதைப் பார்த்திருப்பாள். அவள் கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று இப்போது யோசிக்கிறேன்.

நாவல் மறுபதிப்புக்குப் போகிறது. திருத்தம் ஏதாவது உண்டா என்று பதிப்பாளர் கேட்டு எழுதியிருக்கிறார். ஏழாம் அத்தியாயத்தின் முதல் வரியைச் சுற்றிப் பென்ஸிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். திருச்சி வாசகருக்கும் இன்னும் பதில் எழுதவில்லை.